பாசியில் சத்து எந்த அறையில் இருக்கிறது?

நாற்று நட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வயல் தண்ணீரின் மேல் ஒரு பச்சைப் படலம் விரியும். நம் பக்கத்து விவசாயிகளில் பலருக்கு அதைக் கண்டாலே ஆகாது. பயிரின் கழுத்தைப் பிடிக்கிறது, தண்ணீர் கெட்டுப்போகிறது என்பார்கள். மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்மடையில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும், பாசி சாகும். உய்யக்கொண்டான் பாசனத்தில் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாசியிலேயே ஒரு வகை பயிருக்குச் சோறு போடுகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கலாம். நீலப்பச்சைப் பாசி என்று வேளாண்மைத் துறை பாக்கெட்டில் போட்டுக் கொடுத்ததை வாங்கியவர்களும் உங்களில் இருப்பீர்கள். அந்தச் சத்து பாசிக்குள் எந்த இடத்தில் உண்டாகிறது என்பதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ நாற்பது, ஐம்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். குமாஸ்தாவுக்கு எதற்குப் பாசி ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, நடுவில் சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடம் போய்விடவில்லை. நான் அதில்தான் படித்தேன். அப்பா காலமான பிறகு திருச்சியில் இருந்த தாய்மாமா வீட்டுக்கு வந்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, வேளாண்மை சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தமிழில் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டதே அதன் பிறகுதான்.

அந்தப் பள்ளியில் படித்த விஞ்ஞானத்தில் இரண்டு வார்த்தைகள் இன்றும் மனசில் நிற்கின்றன. ஒன்று 'அஸோத்'. நைட்ரஜனுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். கிரேக்க மூலத்தில் அதற்கு 'உயிர் இல்லாதது' என்று அர்த்தம். அந்த வாயுவை மட்டும் சுவாசித்தால் பிராணி செத்துவிடும் என்பதால், லவ்வாஸியே காலத்து ரசாயன அறிஞர்கள் வைத்த பெயர். இன்னொன்று 'தியாஸ்தாஸ்'. முளைகட்டிய பார்லியிலிருந்து மாவைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளை 1833-ல் பாயென், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்து வைத்த பெயர் அது. எங்கள் வாத்தியார் நொதி என்று எதைச் சொல்ல வேண்டுமானாலும் 'தியாஸ்தாஸ்' என்றே சொல்வார். இன்று பெரும்பாலான நொதிகளின் பெயர் கடைசியில் 'ஏஸ்' என்று முடிகிறதே, அந்த வால் இதிலிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டு வார்த்தையும் சேருகிற இடத்தில்தான் நம் பாசி இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்கள் மூன்று கைகோத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அதைப் பிரிக்காமல் பயிர் தின்ன முடியாது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400, 500 டிகிரி சூடும், காற்றழுத்தத்தைப் போல் சுமார் இருநூறு மடங்கு அழுத்தமும் வேண்டும். உயர் அழுத்தக் கொதிகலன் என்றால் என்னவென்று பெல் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வேலையை ஒரு பாசி, வயல் தண்ணீரின் சூட்டில், சத்தமில்லாமல் செய்கிறது. செய்வது 'நைட்ரஜனேஸ்' என்கிற நொதி. உயிரில்லாதது என்று பெயர் வாங்கிய வாயுவைப் பிடித்து உயிருக்குள் சேர்ப்பது அதுதான்.

நெல் வயலில் இது நடக்கிறது என்று நிரூபித்தவர் நம் நாட்டுக்காரர், பி. கே. டே. எருவே காணாத வயல்கூட வருஷா வருஷம் ஓரளவு விளைகிறதே, அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. டே நெல் வயல் மண்ணிலிருந்து அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியைப் பிரித்தெடுத்து, பாக்டீரியா கலப்பில்லாமல் வளர்த்து, அது தானாகவே காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று காட்டினார். 1939-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. அதற்கு முந்தைய வருஷம் லண்டன் பேராசிரியர் பிரிட்சுடன் சேர்ந்தும் அவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பிரிட்ச் நமக்கு ஒரு வகையில் தெரிந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். ஓ. பி. ஐயங்கார் 1932-ல் ஈரமண்ணில் வளரும் ஒரு புதிய பாசியை விவரித்தபோது, அதற்கு 'பிரிட்சியெல்லா' என்று இவர் பெயரைத்தான் வைத்தார். ஐயங்காரின் வழியில் வந்த டி. வி. தேசிகாச்சாரி 1959-ல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய 'சயனோபைட்டா' என்ற தடித்த புத்தகத்தை உலகம் முழுவதும் இன்றும் புரட்டுகிறார்கள். டில்லி பூசா நிறுவனத்தில் ஜி. எஸ். வெங்கடராமன், பாசியை வளர்த்து வயலில் தூவும் முறையை உருவாக்கினார். நம் ஊருக்கு வந்த பாக்கெட்டின் மூலம் அதுதான்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

1986 என்று நினைவு. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. எழுதியவர் உய்யக்கொண்டான் கடைமடைப் பக்கத்துக் குத்தகை விவசாயி, இரண்டு ஏக்கர்க்காரர். நோட்டுப் புத்தகத்தாளில், பென்சிலில் எழுதியிருந்தார். இலாகா கொடுத்த பாசி பாக்கெட்டை வாங்கி, சொன்னபடி நட்ட பத்தாம் நாள் தூவியிருக்கிறார். பயந்துகொண்டு வழக்கமான யூரியாவிலும் ஒரு பிடி குறைக்கவில்லை. பாசி நன்றாக வளர்ந்தது. ஆனால் கண்டுமுதல் ஒரு மூட்டைகூட அதிகமில்லை. அக்கம்பக்கத்தார் சிரித்திருக்கிறார்கள். மனுவின் கடைசி வரிகள் ஏறக்குறைய இப்படி இருந்தன: "ஐயா, பாசி வந்தது உண்மை. சத்து வரவில்லை. பாசியில் சத்து எந்த இடத்தில் இருக்கிறது, அது என் வயலில் ஏன் வேலை செய்யவில்லை என்று தெரிவித்தால் அடுத்த போகத்துக்கு இரண்டு மூட்டை யூரியா மிச்சம் பிடிக்கலாமா என்று முடிவு செய்வேன்."

ந.க. எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்றி, கேள்வியை அப்படியே எடுத்தெழுதி, தொழில்நுட்பப் பிரிவின் விளக்கம் பெறலாம் என்று குறிப்பு வைத்தேன். மேலதிகாரி அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை அனுப்பி முடிக்கவும்" என்று எழுதினார். பிரசுரம் போனது. கோப்பு எல்.டிஸ். ஆனது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம் வைத்திருந்து கிழித்துவிடலாம் என்று அர்த்தம்.

அவர் ஒருமுறை நேரிலும் வந்தார். "நோட்டீஸ் வந்துச்சுங்க ஐயா. அதுல பாக்கெட்டை எப்படித் தூவுறதுன்னு இருக்கு. நான்தான் தூவிட்டேனே. நான் கேட்டது வேற" என்றார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் பிரிவில் யாரிடமும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பாசியை விட்டுவிட்டு யூரியாவுக்கே கடன் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, எங்கள் தெருவில் மைக்ரோபயாலஜி படிக்கும் பெண் ஒருத்தி தன் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்குக் கூப்பிட்டாள். மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒரு சொட்டுப் பாசித் தண்ணீர். "தாத்தா, ஒரு மணிமாலை தெரியுதா? அதுல பத்துப் பதினஞ்சு மணிக்கு ஒரு மணி மட்டும் வேற மாதிரி இருக்கும், பாருங்க" என்றாள். பார்த்தேன். பச்சை மணிகள் வரிசையாக, நடுநடுவே ஒரு மணி மட்டும் கொஞ்சம் பெரிசாக, வெளிறி, கெட்டியான ஓட்டோடு. புதுச்சேரியில் பாதிரிமார் கையில் பார்த்த ஜெபமாலை நினைவுக்கு வந்தது. பத்து மணிக்கு ஒருமுறை தனியாக ஒரு மணி வருமே, அதே மாதிரி. "அதுக்கு ஹெட்டிரோசிஸ்ட்னு பேரு. நைட்ரஜனேஸ் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். பென்சில் மனு கண் முன்னால் வந்து நின்றது. அவளிடம் புத்தகம் கடன் வாங்கினேன். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பட்டால் சீக்கிரமே செத்துப்போகும். ஆனால் பாசியோ வெயிலில் மாவு தயாரிக்கும் ஜாதி. அந்த வேலையில் ஆக்சிஜனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரே வீட்டில் விறகடுப்பும் வெடிமருந்தும் இருக்கிற மாதிரி. படைக்கலத் தொழிற்சாலைப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு ஒன்று தெரியும்: ஆபத்தானதைத் தனிக் கட்டிடத்தில்தான் வைப்பார்கள். பாசியும் அப்படி ஒரு தனி அறை கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் எங்கே?

அந்த வெளிறிய மணிகளைத் தாவர அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காலியாகத் தெரியும், பிளந்து பெருகாது. எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1951-ல் அதே பிரிட்ச், ஹெட்டிரோசிஸ்டைத் தாவரவியலின் புதிர் என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை வாசித்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஃபாக் என்ற ஆங்கிலேயர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்திருந்தார். அம்மோனியா கலந்த நீரில் வளர்த்தால் அனபீனாவில் ஹெட்டிரோசிஸ்ட் உண்டாவது நின்றுபோகிறது. அம்மோனியாவை எடுத்துவிட்டால் திரும்ப உண்டாகிறது. இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

1968-ல் ஃபே, ஸ்டீவர்ட், வால்ஸ்பி, ஃபாக் என்ற நால்வர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நைட்ரஜன் பிடிக்கும் இடம் ஹெட்டிரோசிஸ்ட்தானா என்பதே தலைப்பு. அது கேள்விக்குறியோடு முடிந்த தலைப்பு. அதை ஆச்சரியக்குறியாக்க இன்னும் பல வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது.

எப்படித் தேடினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மண்டபம் முழுக்க ஆட்கள் நிற்கையில் எந்த ஆளின் பையில் சாவி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை அது. அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும்.

முதல் கருவி அசெட்டிலீன். நம்மூர் வெல்டிங் பட்டறைகளில் சிலிண்டரில் இருக்குமே, அதே வாயுதான். நைட்ரஜனேஸுக்கு நைட்ரஜனுக்குப் பதில் அசெட்டிலீனைக் கொடுத்தால் ஏமாந்துபோய் அதை எத்திலீனாக மாற்றிவிடும். எத்திலீன் எவ்வளவு வந்தது என்று அளந்தால் நொதி எவ்வளவு வேலை செய்தது என்று தெரியும். இந்தச் சோதனை 1966-ல் வந்தது. விலை மலிவு, சில நிமிஷத்தில் பதில் கிடைக்கும்.

இரண்டாவது டெட்ரசோலியம். எங்கள் இலாகாவின் விதைப் பரிசோதனை நிலையத்தில் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் ஊற்றுவார்கள். உயிருள்ள இடம் சிவக்கும். பாசியில் ஊற்றியபோது முதலில் சிவந்தவை ஹெட்டிரோசிஸ்ட்கள். அவை சிவக்கச் சிவக்க நைட்ரஜன் பிடிக்கும் வேலையும் குறைந்துகொண்டே வந்தது. 1972-ல் இதை ஃபேயுடன் சேர்ந்து விரிவாகச் செய்தவர் இலங்கைக்காரர், பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எஸ். ஏ. குலசூரிய.

ஆனால் எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. மாலையை உடைத்து ஹெட்டிரோசிஸ்ட்களை மட்டும் தனியே பிரித்துச் சோதித்தால் அவற்றில் வேலை மிகக் குறைவாகவே தெரிந்தது. இதுதான் இடம் என்றால் இதில் ஏன் இல்லை என்று கேட்டார்கள். போதாததற்கு 1969-ல், ஹெட்டிரோசிஸ்டே இல்லாத, தனித்தனிச் செல்லாக வாழும் குளோயியோகேப்சா என்ற பாசியும் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று தெரியவந்தது. அப்படியானால் சாதாரண மணிகளும் இந்த வேலையைச் செய்யலாமே?

அமெரிக்காவின் மிச்சிகனில் வோல்க் என்பவர் விடாமல் இதன் பின்னாலேயே போனார். 1974-ல் அவரும் கூட்டாளிகளும் செய்தது ஒரு சாகசம். நைட்ரஜன்-13 என்ற கதிரியக்க நைட்ரஜனைச் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் உண்டாக்கினார்கள். அதன் ஆயுள் பத்து நிமிஷத்தில் பாதியாகிவிடும். அதற்குள் பாசிக்கு ஊட்டி, தகட்டில் பரப்பி, அது கதிர் விட்ட இடங்களைப் படமாகப் பதிய வேண்டும். பதிந்தார்கள். புள்ளிகள் ஹெட்டிரோசிஸ்ட் பக்கமே குவிந்திருந்தன.

பிரித்தெடுத்த மணிகளில் வேலை ஏன் குறைந்தது என்பதற்கும் பதில் கிடைத்தது. பிரிக்கும்போதே அவற்றின் ஓடு சேதமாகி, ஆக்சிஜன் உள்ளே புகுந்து நொதியைக் கெடுத்திருந்தது. 1978-ல் பீட்டர்சனும் வோல்க்கும் காற்றுப் படாமல் மிகப் பக்குவமாகப் பிரித்தபோது, நொதியின் வேலையில் பெரும்பங்கு ஹெட்டிரோசிஸ்டிலேயே திரும்பக் கிடைத்தது. 1984-ல் வேறொரு குழு, நைட்ரஜனேஸை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்துத் தேடியது. அவை ஹெட்டிரோசிஸ்டில் மட்டும் போய் ஒட்டின. 1990-ல் எல்ஹாயும் வோல்க்கும் செய்தது கண்ணுக்கு விருந்து. நைட்ரஜனேஸ் தயாரிக்கும் மரபணுவின் சுவிட்சோடு, ஒளிவிடும் பாக்டீரியாவின் மரபணுவைக் கோத்துவிட்டார்கள். சுவிட்ச் எந்தச் செல்லில் போடப்படுகிறதோ அந்தச் செல் ஒளிரும். இருட்டில் பார்த்தால் மாலை முழுவதும் இருட்டு, இடைவெளி விட்டு ஹெட்டிரோசிஸ்ட்கள் மட்டும் மின்னின.

எதிர்க்கட்சிக்கும் ஒரு ஆறுதல் பரிசு உண்டு. 1995-ல் அனபீனா வேரியபிலிஸ் என்ற வகையில் இரண்டாவது நைட்ரஜனேஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது ஆக்சிஜனே இல்லாத சூழலில் சாதாரண மணிகளில் வேலை செய்கிறது. குளோயியோகேப்சாவைக் காட்டி வாதாடியவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது.

இந்த ஆராய்ச்சிகளுக்கு உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் அனபீனாவின் பெயர் பி.சி.சி. 7120. அந்த 'பி' என்பது பாரிஸ் பாஸ்தர் நிலையத்தின் முதலெழுத்து. அங்கே உயிரோடு பாதுகாக்கும் பாசிச் சேமிப்பின் எண் அது. பள்ளியில் பாஸ்தர் படத்தைச் சுவரில் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது தெரிந்தபோது தனி சந்தோஷம்.

இனி அந்த அறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இரும்பறை தெரியும். இது அப்படித்தான். சுற்றிலும் கெட்டியான ஓடு, அதில் காற்றைத் தடுக்கும் ஒரு கொழுப்புப் படலம். உள்ளே ஆக்சிஜன் உண்டாக்கும் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிடும். தப்பித்தவறி உள்ளே நுழைந்த ஆக்சிஜனையும் சுவாசத்தில் எரித்துத் தீர்க்கும். இரண்டு முனையிலும் மட்டும் மிகக் குறுகிய வழி. அந்த வழியே பக்கத்து மணிகள் சர்க்கரையை உள்ளே அனுப்பும். இது காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் 'குளூட்டமின்' என்ற பொருளாக்கி வெளியே அனுப்பும். வரவும் செலவும் அந்த ஜன்னல் வழியாகத்தான். அறையாக மாற ஒரு மணிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மாறிவிட்டால் திரும்ப வழியில்லை. அது இனிப் பிளக்காது, பெருகாது. மற்றவர்களுக்கு ஊட்டிக்கொண்டே இருந்து முடிந்துபோகும். குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பது நமக்குப் புதிதில்லை.

இந்த அறையைக் கட்டுவதும் நடத்துவதும் பாசிக்குச் செலவுள்ள வேலை. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்கப் பதினாறு ஏ.டி.பி., அதாவது செல்லின் சக்திக் காசு பதினாறு, கொடுக்க வேண்டும். எனவே பாசி கணக்குப் பார்க்கும். வாசலிலேயே சத்து இலவசமாகக் கிடைக்கும்போது யாராவது இரும்பறை கட்டுவார்களா? ஃபாக் 1949-ல் கண்டது இதுதான். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் ஹெட்டிரோசிஸ்ட் உண்டாகாது.

யூரியா வயல் தண்ணீரில் கரைந்து என்ன ஆகிறது? சில நாளில் அம்மோனியாவாகத்தான் ஆகிறது.

பென்சில் மனுவுக்கு இதுதான் பதில். அவர் பார்த்தது முழுக்கச் சரி. பாசி வந்தது, சத்து வரவில்லை. வழக்கமான யூரியா முழுவதையும் மேலே வீசிய வயலில் வேறு பச்சைப் பாசிகளும் முந்திக்கொண்டு கொழுக்கும். நல்ல பாசி வளர்ந்தாலும் அறை கட்டாமலே வளரும். அறை இல்லாவிட்டால் அந்த நொதி இல்லை. நொதி இல்லாத பாசி வயலில் போட்ட யூரியாவைத்தான் பங்கு போட்டுத் தின்னும். அவர் கேட்ட "எந்த இடத்தில்" என்ற வார்த்தையில்தான் விடை முழுவதும் இருந்தது. இடம் தெரிந்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று அவரே முடிவு செய்திருப்பார்.

இதில் எனக்கு உறுத்துவது, விடை அன்றைக்கே உலகத்தில் இருந்தது என்பதுதான். நெல் வயலின் நீலப்பச்சைப் பாசியைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் 1980-லேயே பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருந்தது. எழுதியவர்கள் பி. ஏ. ரோஜே என்ற பிரெஞ்சுக்காரரும், நான் மேலே சொன்ன குலசூரியவும். மனு எங்கள் மேஜைக்கு வந்தபோது அந்தப் புத்தகத்துக்கு ஆறு வயது. ஒரு பத்தி தொழில்நுட்பப் பிரிவுக்குப் போயிருந்தால், அங்கிருந்து ஒரு கடிதம் கோயம்புத்தூருக்குப் போயிருந்தால், விடை கடைமடை வரைக்கும் வந்திருக்கும். சிவப்பு மை அதை நிறுத்திவிட்டது.

ஒன்றையும் மிகைப்படுத்தக் கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பாசி யூரியாவுக்கு முழு மாற்று இல்லை. நன்றாக வேலை செய்தால் ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு இருபது, முப்பது கிலோ தழைச்சத்து கிடைக்கும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வது வழக்கம். இன்றைய ரகங்களுக்கு அது ஒரு பகுதிதான். அதுவும் உடனே பயிருக்குப் போய்விடாது. பாசி செத்து, மக்கி, மண்ணில் சேர்ந்த பிறகுதான் பயிருக்கு. அதனால்தான் ஹெக்டேருக்குப் பத்து கிலோ வீதம் மூன்று, நான்கு போகம் தொடர்ந்து தூவச் சொல்வார்கள். வயலில் தண்ணீர் வற்றக் கூடாது. மணிச்சத்து குறைவாக இருந்தால் பாசி வளராது. மயில்துத்தமும் சில களைக்கொல்லிகளும் பாசியைக் கொன்றுவிடும். யூரியாவைத் தண்ணீரில் வீசாமல் சேற்றுக்குள் ஆழமாக வைத்தால் மேலே பாசி தன் வேலையைச் செய்யும், கீழே பயிர் தன் பங்கை எடுக்கும். படம் வரையத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இவ்வளவையும் ஒரே தாளில் துண்டுப் பிரசுரமாகப் போட்டிருக்கலாம்.

அந்த விவசாயியைக் கடைசியாக நான் பார்த்தது திருவெறும்பூர் பேருந்து நிறுத்தத்தில். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கலாம். குத்தகையை விட்டுவிட்டதாகவும், பையன் ஒரு வெல்டிங் பட்டறையில் இருப்பதாகவும் சொன்னார். பாசியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, சொல்வதற்கு அன்று என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அவர் இப்போது இல்லை என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் போன வருஷம் சொன்னார்.

நம் பகுதியில் வயல்கள் மனைகளாகிவிட்டன. எறும்பீஸ்வரர் மலை மேல் ஏறி நின்றால் முன்பு பச்சையாகத் தெரிந்த பக்கமெல்லாம் இப்போது மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். ஆனாலும் வாழவந்தான்கோட்டைப் பக்கமும் கல்லணைச் சாலையிலும் இன்னும் நடவு நடக்கிறது. பாசி ஆராய்ச்சிக்கும் நாம் எங்கேயோ போக வேண்டியதில்லை. நம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலேயே கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்று ஒரு தேசிய மையம் இருக்கிறது. வீட்டில் பேரன் பேத்தி யாராவது தாவரவியலோ மைக்ரோபயாலஜியோ படித்தால், நடவுக் காலத்தில் வயல் தண்ணீரில் ஒரு சிறு பாட்டில் எடுத்துக் கொடுத்துக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் வெளிறிய மணிகள் இருந்தால் அந்த வயல் தானே கொஞ்சம் சம்பாதித்துக்கொள்கிறது. மணிகளே இல்லாவிட்டால் உரம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறதா என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அப்படிப் பார்த்துச் சொல்லும் பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்தால், பென்சிலில் எழுதிய கேள்விகளுக்கு ஊரிலேயே பதில் கிடைக்கும்.